யாளி வாயில் ஒரு வாளலகு

ஆயுதத்தில் சிற்பம் இருந்தால், அது ஊர்வலத்துக்குச் செய்தது, போருக்கு உதவாது என்று சட்டென முடிவுகட்டிவிடுகிறோம். ஐரோப்பாவில் அதற்கு ஆதாரம் உண்டு. மிலான் நகரின் ஃபிலிப்போ நெக்ரோலி 1543இல் செய்த தலைக்கவசம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே எஃகுத் தகட்டைத் தட்டி எழுப்பி, உச்சியில் ஒரு கடற்கன்னியைக் கிடத்தி, அவள் நீட்டிய கைகளில் கிரேக்கப் புராணத்து மெடூசாவின் தலையைக் கொடுத்திருக்கிறார். வியக்கவைக்கும் வேலை. ஆனால் கவசத்தின் பலம் அதன் வழுவழுப்பான வளைவில் இருக்கிறது. பட்ட முனை சறுக்கிப் போக வேண்டும். உருவம் புடைக்கத் தட்டினால் தகடு மெலியும், மடிப்பில் முனை சிக்கிக்கொள்ளும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள தஞ்சாவூர் அரண்மனைக் கட்டாரிகளை இதே கணக்கில் சேர்க்க முடியாது. கட்டாரியில் இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குப்பிடி இருக்கும். மடக்கிய முஷ்டிக்கு நேராக அலகு நீளும். குத்தும்போது கையின் விசை முழுவதும் அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான் இறங்கும். பலவற்றில் அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. பிடி நம்மூர் வேலை. இரண்டையும் ஆணி தறைந்து இணைத்தார்கள். அங்கே இரும்பு தடிப்பாக இருந்தே தீர வேண்டும். கொல்லர் பெரும்பாலும் அந்தத் தடிப்பில்தான் உளி வைத்தார்: யாளியின் பிதுங்கிய கண், சுருண்ட பிடரி, பிளந்த வாய், அதிலிருந்து புறப்படும் அலகு. இந்த யாளியை நீக்கினால் பிடிமானமும் போய்விடும். கல்லிலும் இதே புத்திதான். தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபம் வரை போனால் போதும். உருவங்கள் தூணோடு ஒரே கல்லாக நிற்கின்றன.

அப்படியானால், மெல்லிய துளைவேலை செய்த கைக்காப்புகளும், பாகன் கையில் நிற்காத அளவுக்குச் சிற்பம் ஏறிய அங்குசங்களும்? அவை பவனிக்கும் பூசைக்கும் ஆனவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. 1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின், 1860களில் ஆங்கிலேயர் அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தார்கள். அழகானவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். ஆகவே நம் கண்ணில் படுவது பொறுக்கிய மிச்சம். அதைக் கொண்டு எல்லா வீரர்களும் யாளிக் கட்டாரி ஏந்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் என் வாதம் எண்ணிக்கையைப் பற்றியதல்ல, உருவம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியது. அழகுக்காக எடுத்துவைத்த கட்டாரியிலும் யாளி அலகின் வேரைக் கவ்விக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு சற்று விலகி நின்று, பக்கவாட்டில் அந்த இரும்பின் கனத்தையும் ஆணித் தலைகளையும் பார்க்க வேண்டும்.