செவி பழகினால் மொழி பழகும்

பிறமொழி கற்கப் புகுவோர் பலரும் முதலிற் கண்ணையே நம்புகின்றனர். இலக்கணம் படித்து, சொற்களை மனனஞ் செய்து, சிறுகதை வாசிக்கும் அளவுக்குத் தேறிய பின்னரும், அம்மொழியாளர் இருவர் உரையாடுவதைக் கேட்டால் திகைத்து நிற்பர். ஸ்பானிய மொழி பயிலும் மாணவர் இத்திகைப்பை நன்கறிவர். "மிக விரைவாகப் பேசுகின்றார்களே!" என்பதே அவர்தம் முறையீடு.

அம்முறையீட்டில் உண்மையுண்டு. பிரான்சின் லியோன் நகர ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஸ்பானிய மொழி பேசுவோர் ஒரு செக்கனில் ஏறக்குறைய 7.8 அசைகளை ஒலிக்கின்றனர். ஆங்கிலம் பேசுவோர் 6.2 அசைகளையே ஒலிக்கின்றனர். ஆயின் ஸ்பானிய அசை ஒவ்வொன்றும் சுமக்கும் பொருள் குறைவு. ஆதலால், ஒரே செய்தியைச் சொல்ல இரு சாராருக்கும் செல்லும் நேரத்திற் பெரிய வேறுபாடில்லை.

உண்மையான இடர் வேறோரிடத்திலுளது. எழுத்திலே சொற்களுக்கிடையில் வெளியுண்டு, பேச்சிலே அஃதில்லை. 'எல்' என்பது ஆண்பாற் பெயருக்கு முன் வரும் சிறுசொல். 'இஹோ' என்றால் மகன். இரண்டுஞ் சேர்ந்தால் 'எலிஹோ' என்றே செவியில் விழும். எலியைத் தேடி அகராதியைப் புரட்டுவோர் மகனைக் காணமாட்டார்! அவ்வாறே, 'லா' என்பதும் தோழியைக் குறிக்கும் 'அமிகா' என்பதும் 'லாமிகா' என ஒன்றாகிவிடும்.

தமிழ் மாணவருக்கு இது புதுமையன்று. பாலும் ஆடையும் 'பாலாடை' ஆவதை நாம் பள்ளியிலே படித்தோம். புணர்ச்சியைப் பிரித்துப் பழகிய அவ்வறிவை இங்கே செவிக்கு மாற்றிக் கொள்வதே வேண்டுவது. ஆயினும் நாம் விழிப்பாயிருக்க வேண்டிய இடமும் உண்டு. நமது ஒரே பகரம் அவர்களுக்கு ஈரொலி. 'பாஞோ' என்பதைப் 'பல்' என்பதன் முதலெழுத்தைப்போல் ஒலித்தால் துணி. 'பஸ்' என்பதன் முதலெழுத்தைப்போல் ஒலித்தால் குளியலறை.

இனிப் பயிற்சி முறையைக் கூறுவோம். எழுத்து வடிவமும் உடனுள்ள ஒலிப்பதிவொன்றைத் தேர்ந்து, அதில் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்க. முதலில் எழுத்தைப் பாராது இருமுறை கேட்க. பின்னர் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுக. அதன்பின் மூலத்தோடு ஒப்பிட்டு, தவறிய இடங்களில் எல்லாம் அடிக்கோடிடுக. அறியாத சொல்லால் வந்த தவறு சிலவே. அறிந்த சொற்கள் ஒட்டிக்கொண்டதால் வந்தவையே பல எனக் காண்பீர்கள். அவ்விடங்களை வாய்விட்டுச் சொல்லி, மறுநாளும் அதே பகுதியைக் கேட்க.

தொடக்கத்தில் ஒரு நாட்டுப் பேச்சையே பற்றிக்கொள்வது நலம். ஸ்பானிய மொழி இருபது நாடுகளில் அரசகரும மொழியாக விளங்குவது. கியூபா மக்கள் அசையிறுதியில் வரும் ஸகரத்தை மெலித்தோ விடுத்தோ பேசுவர். ஸ்பெயினின் பெரும்பகுதியிலோ அது தெளிவாகக் கேட்கும். ஒன்றிற் செவி ஊன்றிய பின் மற்றொன்றுக்குச் செல்லலாம்.

நாள்தோறும் கால்மணி நேரம் போதும். வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் வருந்திக் கேட்பதிலும் அதுவே பயன் தரும். மழலை பேசு முன்னர் ஓராண்டு கேட்டிருக்கின்றது; அப்பொறுமையிற் சிறிதேனும் நமக்கும் வேண்டாமா?