கல்லான மரத்துக்கு என்ன பெயர்?

சதுரங்கப்பட்டினத்திலும் மாமல்லபுரத்திலும் நாம் காணும் பாறை, பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் உருவானது. அதில் மரத்தின் சுவடு இருக்க வழியில்லை. கல்லாகிப்போன மரத்தைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரைக்குச் செல்ல வேண்டும். 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா இவற்றைப் பற்றி எழுதினார். இன்று அவ்விடம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் இவை. பட்டையும் கிளைகளும் வேர்களும் இல்லாமல் அடிமரங்கள் மட்டுமே கிடப்பது அதற்குச் சான்று. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் செல்களுக்குள் மெல்ல மெல்லப் படிந்து அதைக் கல்லாக்கியது. உள்ளமைப்பு மட்டும் அப்படியே நின்றது.

இலையும் பூவும் இல்லாத மரத்தை எப்படி அடையாளம் காண்பது? மாமல்லபுரத்துச் சிற்பி கல்லைத் தட்டி ஓசையால் அறிவார். தொல்தாவரவியலாளர் அதை அறுக்கிறார்: குறுக்காக ஒன்று, நெடுக்காக இரண்டு. ஒவ்வொரு சீவலையும் ஒளி ஊடுருவும்வரை, ஏறத்தாழ 0.03 மி.மீ. கனத்துக்குத் தேய்க்கிறார். பிறகு நுண்ணோக்கியில் நீர்க்குழாய்களின் அளவு, அவை தனித்தா கூட்டாகவா அமைந்துள்ளன என்பது, கதிர்த்திசுவின் அகலம், பிசின் குழாய்கள் ஆகியவற்றைக் கவனித்து, இன்றைய மரங்களின் சீவல்களோடு ஒப்பிடுகிறார். ஆண்டு வளையங்கள் இங்கே அதிகம் கைகொடுக்காது. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் அவை தெளிவாக இருப்பதில்லை.

பெயரிலும் ஓர் எச்சரிக்கை பொதிந்திருக்கிறது. திருவக்கரை மரங்கள் அமைந்த கடலூர் மணற்கல்லில் குங்கிலியக் குடும்ப மரங்களும் கிடைத்துள்ளன. அத்தகைய ஒன்றை ‘டிப்டெரோகார்பஸ்’ என்று சொல்லிவிடாமல் ‘டிப்டெரோகார்பாக்சிலான்’ என்கிறார்கள். ‘சைலான்’ என்றால் கிரேக்கத்தில் மரக்கட்டை. கட்டை ஒத்திருக்கிறது, முழு மரத்தையும் எவரும் கண்டதில்லை என்பதே அதன் பொருள். ஒரே மரத்தின் இலையும் கனியும் கட்டையும் வெவ்வேறு பெயர்களில் பதிவாகியிருக்கவும் கூடும். ஆகவே ‘இது புளியமரம்’ என்று யாராவது காட்டினால், ‘புளியமரத்தை ஒத்த கட்டை’ என்று திருத்திக்கொள்வதே நேர்மை.

இந்த நுணுக்கத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். டிப்டெரோகார்பஸ் இனங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளர்பவை. அவற்றின் உறவினங்கள் இந்த வறண்ட செம்மண்ணில் புதைந்துள்ளன என்றால், இங்கிருந்த மழையே வேறு. பெயர் பிழைத்தால் அந்த மழைக் கணக்கும் பிழைக்கும்.

நினைவுப்பொருளாக ஒரு துண்டை எடுத்துச் செல்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தப் படிவில் கிடந்தது என்பது தெரியாத துண்டை எத்தனை முறை சீவினாலும், அதன் காலத்தை நுண்ணோக்கி சொல்லாது.