பின் சில்லின் பிரேக்கும் அதற்குரிய கருவியும்

மோட்டார்க் காரின் முன் சில்லுகளுக்குப் பிரேக் பாட் மாற்றிப் பழகியவர், அதே துணிவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சில்லையும் கழற்றிவிட்டு உட்காருவார். முன்புறத்தில் எளிதாக உள்ளே சென்ற பிஸ்டன் இங்கே அசைய மறுக்கும். கிளாம்பை மேலும் இறுக்குவார், அப்போதும் மறுக்கும். பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் உள்ளே ஏதோ முறியும். பாட் வாங்கிய பணத்தைப்போற் பன்மடங்கு பணம் கலிப்பருக்குக் கொடுக்க நேரும். இத்தனைக்கும் அவரிடம் பலம் குறைவன்று, கருவிதான் மாறுபட்டது.

பாட் தேயத் தேயப் பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே வருகின்றது. புதிய பாட் தடிப்பானது. ஆகவே, அது நுழைய வேண்டுமாயின் பிஸ்டனைப் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்புதல் வேண்டும். முன் சில்லில் பிஸ்டனைத் தள்ளுவது பிரேக் எண்ணெய் மட்டுமே. பழைய பாட்டை அதன்மீது வைத்து, சாதாரண சி-கிளாம்பினால் மெல்ல அழுத்தினாற் போதும்.

பின் சில்லுக்கோ இரண்டு வேலைகள். காலால் மிதிக்கும் பிரேக்கோடு ஹாண்ட் பிரேக்கும் அங்கேயே அமைந்திருக்கின்றது. பல கார்களில் பிஸ்டனுக்குள்ளேயே ஒரு திருகாணி உண்டு. ஹாண்ட் பிரேக்கை இழுத்ததும் கம்பிவடம் அதனை இயக்கிப் பிஸ்டனைத் தள்ளும். பாட் தேயுமளவுக்கு அத்திருகு தானாகவே முன்னேறி இடைவெளியை நிரப்பும். முன்னே செல்ல வழிவிடும் இவ்வமைப்பு, பின்னே தள்ளினால் வழிவிடாது. திருகு மூடியுள்ள போத்தலை எவரும் இழுத்துத் திறப்பதில்லையே! இப்பிஸ்டனையும் அழுத்திக்கொண்டே சுழற்றித்தான் உட்செலுத்த வேண்டும்.

ஆனால், எல்லாக் கார்களும் இவ்வாறல்ல. நம் நாட்டில் ஓடும் சிறு கார்கள் பலவற்றின் பின் சில்லில் டிஸ்கே இல்லை. டிரம்மும் அதனுள் பிரேக் சூவும் உள்ளன. அது வேறு வேலை. வேறு சிலவற்றில் டிஸ்கின் நடுவே சிறு டிரம் ஒன்று ஹாண்ட் பிரேக்குக்கெனத் தனியே இருக்கும். அங்கே பிஸ்டனை நேராகவே தள்ளலாம். ஆதலாற் கருவி வாங்கக் கடைக்கு ஓடுமுன் பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள். சிலுவைபோன்ற வெட்டோ, எதிரெதிரான குழிகளோ இருப்பின் அது சுழற்றவேண்டியது. வெறுங் கிண்ணம்போல் இருப்பின் பெரும்பாலும் தள்ளவேண்டியது. ஐயமிருந்தால் காரின் கைநூலே தீர்ப்புச் சொல்லும்.

சுழற்றுவதற்கு இருவகைக் கருவிகள் கிடைக்கின்றன. ஒன்று, ஆறு முகங்களிலும் வெவ்வேறு முளைகளுள்ள சிறு கனசதுரம். 3/8 அங்குல ராட்செட்டில் மாட்டுவது. விலை மலிவு. ஆனால், சுழற்றும்போதே அழுத்தும் வேலையையும் நம் கையே செய்ய வேண்டும். சற்றுத் தளர்ந்தால் முளை வழுக்கும். மற்றையது திருகுத் தண்டும், கலிப்பரின் மறுபுறத்தில் ஊன்றும் தகடும், பலவகை வட்டுக்களும் கொண்ட பெட்டி. இது அழுத்துதலையும் சுழற்றுதலையும் ஒருங்கே செய்யும். விலை கூடினாலும் இதையே வாங்குக என்போம். அயலவர் இருவர் மூவர் சேர்ந்து வாங்கினாற் சுமையுமில்லை. வலம், இடம் என இரு திசைத் தண்டுகளும் பெட்டியில் உள்ளனவா எனப் பார்த்தல் அவசியம். பெரும்பாலான பிஸ்டன்கள் வலஞ்சுழியாக உட்செல்லும். சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் இடஞ்சுழி. சுழற்றும்போது தூசி காக்கும் இறப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமற் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டின் முதுகில் முளை இருக்குமாயின், பிஸ்டனின் வெட்டு அதற்கு நேரே வந்து நிற்கவேண்டும்.

சுவிச்சினால் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள புதிய கார்களுக்கு இப்பெட்டி மட்டும் போதாது. கலிப்பரில் உள்ள மோட்டாரை முதலில் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சிலவற்றில் அதற்குக் கணினிக் கருவி வேண்டும். நம் வீதிகளிற் பெருகியுள்ள டொயோட்டா பிரியஸில் இன்னொரு பொறி: 2009இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறைக் காரின் பின் பிஸ்டன் சுழற்றும் வகையே; எனினும் கதவைத் திறந்தாலே பிரேக் எண்ணெய்ப் பம்ப் தானாக இயங்கிப் பிஸ்டனை வெளித்தள்ளக்கூடும். அதனை நிறுத்தும் முறையைக் கைநூலிற் படித்தபின்பே கலிப்பரைத் தொடுக.

இனி, கடையில் எவரும் நினைவூட்டாத இரு பொருள்கள். பின் பிரேக்கில் வேலை செய்ய ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்தியே ஆகவேண்டும். அப்போது காரைப் பிடித்து நிறுத்துவது எது? முன் சில்லுகளுக்கு இரு புறமும் வைக்கும் அடைகட்டைகளே. ஜாக்கு தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு உறுதியான ஸ்டாண்டுகள் தேவை. சீமெந்துத் தரையாயின் நன்று. முற்றத்து மணலில் இவ்வேலை கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க விரும்பினால் எட்டி நின்றே பார்க்கட்டும்.

கழற்றிய கலிப்பரை அதன் இறப்பர்க் குழாயில் தொங்கவிடாது கம்பியாற் சுருளில்லுடன் கட்டிவிடுக. பிஸ்டன் உட்செல்கையில் எண்ணெய்த் தொட்டி நிரம்பி வழியலாம். அது காரின் வர்ணத்தை அரிப்பதால் உடனே நீராற் கழுவவேண்டும். பிரேக் தூசியை வாயால் ஊதாது ஈரத் துணியால் துடைப்பதே தக்கது. யாவும் பூட்டியபின், காரை நகர்த்துமுன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். முதல் மிதிகளில் அது தரைவரை செல்லும். பிஸ்டன் இன்னும் பாட்டை எட்டவில்லை என்பதே அதன் பொருள். பின்னர் எண்ணெயின் அளவையும் ஹாண்ட் பிரேக்கின் பிடிப்பையும் பார்த்துவிட்டு, ஆளில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்கலாம்.