தூரம் 15,300 கிலோமீட்டர், அடக்கம் எவ்வளவு?

சரக்கு வரும் ஊர் எவ்வளவு தொலைவு என்பதை மட்டும் வைத்து எந்த வணிகரும் அடக்கவிலை போடுவதில்லை. எத்தனை நாள் ஆகும், வண்டியில் எவ்வளவு ஏறும், டீசலுக்கு எவ்வளவு போகும் என்றும் பார்க்கிறோம். ஆகாயத்தில் ஓடும் வண்டிக்கும் இதே கணக்குதான். சிங்கப்பூர் - நியூயார்க் விமானத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

பாதையும் நேரமும்

சிங்கப்பூரில் பகல் 12 மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் நள்ளிரவு 12 மணி. குளிர்காலத்தில் முந்தைய இரவு 11 மணி. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்தால், அது வட துருவத்தை ஒட்டிப் போகும். அந்த நூலின் நீளம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஆனால் விமானம் காற்றைப் பார்த்தே பாதையைத் தேர்ந்தெடுக்கிறது. பசிபிக் கடல் மேல் வீசும் மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளினால், தூரம் கூடினாலும் நேரம் குறையும். எங்கும் இறங்காமல் போனால் 18 முதல் 19 மணி நேரம். வழியில் இறங்கிப் போனால் பொதுவாக 22 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

மூடியதும் திறந்ததும்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004ஆம் ஆண்டு, நியூயார்க்கை அடுத்துள்ள நுவார்க் நகருக்கு நேர் விமானம் விட்டது. அது நான்கு என்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500. பின்னர் 2008இல் இருக்கைகளை 100 ஆகக் குறைத்து, அனைத்தையும் உயர் வகுப்பாக்கியது. அப்படியும் எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நின்றது.

காரணம் எளிது. நீண்ட பயணத்துக்கு நிறைய எரிபொருள் ஏற்ற வேண்டும். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் எரியும். ஆள் ஏற வேண்டிய இடத்தை எண்ணெயின் எடை பிடித்துக்கொள்ளும்.

2018 அக்டோபரில் அதே சேவை மீண்டும் தொடங்கியது. தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை, வண்டிதான் மாறியது. புதிய ஏ350 விமானத்துக்கு இரண்டே என்ஜின். அதன் டாங்கி சுமார் 1,65,000 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் எண்ணெய் மட்டும் 130 டன்னுக்கு மேல்; விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய மொத்த எடை 280 டன்தான்! ஆகவே 250 பேருக்கு மேல் ஏற்றக்கூடிய இந்த விமானத்தில் 161 இருக்கைகளே போட்டிருக்கிறார்கள். சாதாரண வகுப்பு கிடையாது. நேரத்தை மிச்சப்படுத்த விரும்பும் பயணியிடம் கூடுதல் கட்டணம் வாங்கி, குறைந்த இருக்கையை ஈடு கட்டுகிறார்கள்.

நமக்குரிய பாடம்

நேர்வழி எப்போதும் மலிவான வழி அல்ல. சீக்கிரம் வந்து சேரும் சரக்குக்கு அதற்குரிய விலை தரும் வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் விரைவு வண்டி லாபம்; இல்லையென்றால் நின்று நின்று வரும் வண்டியே போதும். கட்டுப்படியாகாத வழியை நிறுத்துவதில் அவமானம் இல்லை. செலவு குறையும் வழி பிறந்தால், மூடிய கணக்கை மீண்டும் திறக்கத் தயங்கவும் வேண்டாம்.