இறக்கத்தில் தாங்கும் டிபரன்ஷல்

மலைநாட்டுப் பாதைகளில் இறங்கும் லொறியைத் தாங்கிப் பிடிப்பது பிரேக் மட்டுமே எனப் பலரும் எண்ணுகின்றனர். அனுபவம் மிக்க சாரதிகள் குறைந்த கியரில் இறங்கி, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குவர். அந்தத் தடுப்பு விசை பின்சக்கரங்களைச் சென்றடைவது டிபரன்ஷல் வழியாகவே என்பது கவனத்திற்குரியது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களைத் திருத்தி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. பாவித்த டிபரன்ஷலை வாங்கி வீட்டு முற்றத்திலேயே பூட்டுவதில் தவறில்லை. பரிசோதிக்காது மறுநாளே பாரமேற்றி றம்பொடைக்கோ கடுகண்ணாவைக்கோ புறப்படுவதே தவறாகும்.

முதலில் பார்க்க வேண்டியது பல்விகிதம். கிறவுண் வீலில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருப்பின் விகிதம் 4.1 ஆகும். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பகுதியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, இரு பின்சக்கரங்களையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றினால் புரொபெல்லர் ஷாப்ட் நான்கு சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழல வேண்டும். நான்கு சக்கர இயக்க வாகனமாயின் முன், பின் விகிதங்கள் ஒத்திருப்பது அவசியம்.

அடுத்தது பற்களுக்கிடையிலான தளர்வு. சிறு வாகனங்கள் பலவற்றில் இது 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரையே. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவே இறுதியானது. பற்களில் சாயம் பூசிச் சுழற்றும்போது, அவை பொருந்தும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுமாயின் மீண்டும் கழற்றிச் சரிசெய்வதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்திலான கியர் ஒயிலை உரிய மட்டத்திற்கு நிரப்புவதும், புரொபெல்லர் ஷாப்ட் போல்ட்டுகளை இறுக்குவதும் இன்றியமையாதவை. எக்சில் சீல் கசிந்தால் ஒயில் பிரேக் லைனிங்கில் படிந்து பிரேக்கையே செயலிழக்கச் செய்துவிடும்.

பின்னர் பாரமின்றி 15 அல்லது 20 நிமிடங்கள் மெதுவாக ஓட்டி, முற்றாக ஆறவிட்டு, மீண்டும் ஓட்ட வேண்டும். வேகம் கூட்டும்போது ஊளைச் சத்தமோ, திரும்பும்போது தட்டும் ஒலியோ எழுந்தால் பயணத்தை நிறுத்துவதே உசிதம். புதிய கிறவுண் வீலும் பினியனும் பூட்டியிருந்தால் சுமார் 800 கிலோமீற்றர் வரை கனத்த பாரத்தைத் தவிர்த்து, அதன்பின் ஒயிலை மாற்ற வேண்டும். வடிகட்டும் ஆணியின் காந்தத்தில் மென்மையான கரும்பசை இருப்பது இயல்பு. உலோகத் துண்டுகள் இருப்பின் அது எச்சரிக்கையாகும்.

ஜப்பானிய சிறு லொறிகள் பலவற்றில் கைப்பிரேக்கும் கியர்பெட்டியின் பின்னால், புரொபெல்லர் ஷாப்ட்டைப் பிடிப்பதாகவே அமைந்துள்ளது. அத்தகைய லொறியில் டிபரன்ஷல் உடைந்தால் எஞ்சினின் தடுப்பும் கைப்பிரேக்கும் ஒருசேர அற்றுப்போகும். எஞ்சியிருப்பது கால்பிரேக் ஒன்றே. இறக்கத்தில் அதுவும் சூடேறித் தளருமாயின் சாரதி மட்டுமன்றி, எதிரே வரும் பஸ்ஸில் உள்ளவர்களும் அதன் விலையைச் செலுத்த நேரிடும். ஒரு நாள் வருமானத்தை இழந்தேனும் இப்பரிசோதனையைச் செய்வது வாகன உரிமையாளரின் கடமையாகும்.