பாக்கெட்டில் அடங்கும் துப்பாக்கி: வாங்கிய அமெரிக்கர்களின் அன்றாடம் எப்படி இருக்கிறது?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். ஃபோன் இருக்கா? பர்ஸ் இருக்கா? வண்டிச் சாவி? அமெரிக்காவில் பல லட்சம் பேர் இந்த வரிசையில் இன்னொன்றையும் சரிபார்க்கிறார்கள். அது, தோட்டா நிரப்பிய ஒரு சின்னக் கைத்துப்பாக்கி.

2019-ல் சுமார் 60 லட்சம் அமெரிக்கர்கள் தினமும் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியோடு நடமாடியதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2015-ல் இது 30 லட்சமாக இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரண்டு மடங்கு.

சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே தயாரிக்கப்படும் துப்பாக்கிகள்தான் இப்போது அங்கே சக்கைப்போடு போடுகின்றன. ஆனால், வாங்கியவர்களின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. துப்பாக்கியைச் சுமப்பது எளிதாக எளிதாக, மற்ற எல்லாமே கடினமாகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

மறைத்து எடுத்துச் செல்ல சட்டம் அனுமதிக்கிறதா?

ஆமாம். தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிநபரின் உரிமை என்று 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே எடுத்துச் செல்வதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறியது. நியூயார்க்கில் 'எனக்குத் தனிப்பட்ட ஆபத்து இருக்கிறது' என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும் என்ற நிலை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது.

இன்னொரு பக்கம், அனுமதிச் சீட்டே வேண்டாம் என்று சொல்லும் மாநிலங்கள் பெருகின. டெக்சாஸ் 2021-லும் ஃபுளோரிடா 2023-லும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2024 நிலவரப்படி இப்படி 29 மாநிலங்கள். நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரம் சுடும் பயிற்சியும் கட்டாயம். அனுமதி தேவையில்லாத பல மாநிலங்களில், காலையில் வாங்கிய துப்பாக்கியை மாலையில் இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போகலாம். பயிற்சி எடுப்பதும் எடுக்காததும் அவரவர் இஷ்டம்.

துப்பாக்கி ஏன் இவ்வளவு சிறிதானது?

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1994 முதல் 2004 வரை அமலில் இருந்த கூட்டாட்சிச் சட்டம், 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களை விற்கத் தடை விதித்தது. பத்துதான் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்ற கணக்கு, சிறிய பிஸ்டல்களுக்குச் சாதகமாகிப் போனது.

2008-ல் வந்த ரூகர் எல்சிபி சுமார் 270 கிராம்தான். சில ஸ்மார்ட்ஃபோன்களின் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2015-ல் வந்த கிளாக் 43, 9 எம்எம் தோட்டாவை மெல்லிய உடலில் அடக்கியது. ஆனால், மேகசினில் ஆறு தோட்டாக்களுக்குத்தான் இடம். 2018-ல் சிக் சாவர் பி365 வந்ததும் ஆட்டம் மாறியது. தோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக நேராக அடுக்காமல், சற்றே வளைந்து வளைந்து அடுக்கும் மேகசின் அதில் இருந்தது. எடை சுமார் அரை கிலோ, குழல் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல், மேகசினில் 10 தோட்டாக்கள். போட்டி நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின.

சுமக்க சுகம், சுட?

புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் சறுக்குவது சுடும் பயிற்சிக் களத்தில்தான். அதே 9 எம்எம் தோட்டாவைப் பெரிய துப்பாக்கியில் சுட்டால், அதன் எடையே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எடை குறைந்தால் அந்த உதை முழுக்கக் கைக்குத்தான் வரும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டு விரல் ஊன்ற இடமில்லாமல் தொங்கும். முன்னும் பின்னும் உள்ள குறிபார்க்கும் முனைகள் நெருக்கமாக இருப்பதால், கை கொஞ்சம் அசைந்தாலும் குறி நிறையவே தப்பும்.

மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை ஏற்றுவது இன்னொரு சிரமம். சிறிய பிஸ்டல்களில் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும். மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கும் கைவலு குறைந்தவர்களுக்கும் இது பெரிய பாடு. ஒரு டப்பா தோட்டா சுடுவதற்குள் உள்ளங்கை எரிய ஆரம்பித்துவிடும். எரிந்தால் பயிற்சி குறையும். பயிற்சி குறைந்தால், அவசரத்தில் குறி தப்பும்.

அப்போ, கொஞ்சம் பெரிசா ஒண்ணு வாங்கிட்டா பிரச்னை தீர்ந்துதா? அதுவும் இல்லை. பெரிய துப்பாக்கி சுட சுகமாக இருக்கும். ஆனால் கனமாக இருக்கிறது, உட்கார்ந்தால் குத்துகிறது என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இந்த இழுபறிதான் ஒரே ஆளை இரண்டாவது, மூன்றாவது துப்பாக்கி வரை வாங்க வைக்கிறது.

எங்கே வைப்பது?

பேன்ட்டுக்கு உள்ளே, இடுப்பின் பக்கவாட்டில் அல்லது தொப்புளுக்குக் கீழே முன்பக்கமாக வைப்பதுதான் பரவலான வழக்கம். இதற்கு ஹோல்ஸ்டர் எனப்படும் உறை வேண்டும். அது ட்ரிக்கரை முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. உறை இல்லாமல் பாக்கெட்டில் போட்டால், சாவியோ பேனாவோ ட்ரிக்கரில் மாட்டினாலே போதும்.

ஒரு உறை குத்தும், இன்னொன்று வழுக்கும், மூன்றாவது சட்டைக்கு மேல் புடைத்துக்கொண்டு நிற்கும். வாங்கிப் பார்த்து ஒதுக்கிய உறைகளுக்கென்றே வீட்டில் ஒரு மேஜை அறை நிரம்பிவிடும் என்பது துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் விஷயம். ஒரு சைஸ் பெரிய பேன்ட், தடிமனான பெல்ட், தொளதொள சட்டை என்று அலமாரியே மாறும். வெயில் காலத்தில் வியர்வை பட்டு உலோகத்தில் துரு ஏறும். நண்பர் கட்டிப்பிடிக்க வந்தால் உடம்பு தானாகத் திரும்பிக்கொள்ளும்.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். பல உடைகளில் பெல்ட்டே கிடையாது. அதனால் பலர் கைப்பையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆபத்து அதிகம் உள்ள வழி அதுதான்.

கைப்பை, கழிப்பறை, கார்

2014 டிசம்பர் 30. ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் ஒரு பெரிய கடை. 29 வயதுத் தாய், குழந்தைகளோடு பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். மறைத்து எடுத்துச் செல்ல அவரிடம் அனுமதி இருந்தது. துப்பாக்கிக்கென்றே தனி அறை தைத்த கைப்பையில் சிறிய 9 எம்எம் பிஸ்டல் இருந்தது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் பைக்குள் கைவிட்டான். துப்பாக்கி வெடித்தது. தாய் அங்கேயே இறந்தார். சட்டப்படி அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பை ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

உடம்பிலிருந்து துப்பாக்கி பிரியும் ஒவ்வொரு நொடியும் இப்படித்தான். பொதுக் கழிப்பறையில் கழற்றி வைத்துவிட்டு மறந்து வருவது அங்கே அடிக்கடி செய்தியாகிறது. பள்ளி, நீதிமன்றம், தபால் நிலையம் போன்ற இடங்களுக்குள் கொண்டுபோகத் தடை இருப்பதால் பலர் காரிலேயே விட்டுச் செல்கிறார்கள். திருடர்களுக்கு இது தெரியும். 2017 முதல் 2021 வரை தனிநபர்களிடமிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திருடு போனதாகப் புகார்கள் பதிவாகின. தற்காப்புக்கு வாங்கியது, கடைசியில் குற்றவாளியின் கையில்.

விமான நிலையங்களின் கதை தனி. 2024-ல் பாதுகாப்புச் சோதனையில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: பையில் இருப்பதையே மறந்துவிட்டோம். அந்த ஆண்டில் அபராதம் சுமார் 15,000 டாலர் வரை போகலாம் என்றிருந்தது.

போலீஸ் வண்டியை நிறுத்தினால்?

சில மாநிலங்களில், துப்பாக்கி இருப்பதை உரிமையாளர் உடனே போலீஸாரிடம் சொல்லியாக வேண்டும். சிலவற்றில் கேட்டால் சொன்னால் போதும். எல்லை தாண்டினால் விதி மாறும். ஒரு மாநிலத்தின் அனுமதி, பக்கத்து மாநிலத்தில் செல்லாக்காசு ஆகலாம்.

சொல்வதும்கூட எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிவதில்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில், ஃபிலாண்டோ கேஸ்டீல் என்ற 32 வயது கறுப்பினத்தவரின் காரை போலீஸ் நிறுத்தியது. அவரிடம் முறையான அனுமதி இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே அமைதியாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரியை 2017-ல் நடுவர் குழு விடுவித்தது.

நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுகிறதா?

காப்பாற்றியது உண்டு. 2022 ஜூலை 17 அன்று இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் ஒருவன் சுட ஆரம்பித்து மூன்று பேரைக் கொன்றான். அங்கிருந்த 22 வயது இளைஞர், சுமார் 15 நொடிகளில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். இடைவெளி ஏறத்தாழ 36 மீட்டர். அந்த இளைஞர் போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை. ஆனால், தாத்தாவிடம் சுடக் கற்றவர்.

ஓராண்டுக்கு முன், 2021 ஜூன் 21 அன்று, கொலராடோவின் அர்வாடாவில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனைத் தன் துப்பாக்கியால் சுட்டு நிறுத்தினார் இன்னொருவர். கொலையாளியின் துப்பாக்கியைக் கையில் எடுத்து நின்றபோது அங்கே வந்த போலீஸ் அதிகாரி, அவரையே குற்றவாளி என நினைத்துச் சுட்டார். காப்பாற்றியவர் இறந்துபோனார்.

பெரிய ஆபத்து எங்கே இருக்கிறது?

2023-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பே முக்கியக் காரணம் என்றார்கள். அவர்கள் மனதில் இருப்பது முகம் தெரியாத ஒருவன். ஆனால், அதே 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 46,700 பேரில் 27,300 பேரின் மரணம் தற்கொலை. பத்தில் கிட்டத்தட்ட ஆறு. தாங்க முடியாத ஒரு நேரம் எல்லோருக்கும் வரலாம், அது கடந்தும் போகும். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், கடந்து போக அவகாசம் கிடைப்பதில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் பெட்டகத்தில் பூட்டுங்கள், நெருக்கடியில் இருப்பவரின் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள் என்று அங்கே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

(இந்தியாவில் மன உளைச்சலில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.)

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வாங்கலாமா?

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் பொதுவாக வாங்கலாம். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பரின் துப்பாக்கியைக் காரில் வைத்திருந்தாலும் சிக்கல்தான். விசாவுக்கே வேட்டு வைக்கும்.

இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்தக் கைத்துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது. 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களுக்கென்று அரை கிலோ எடையில் 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அறிமுகம் செய்தது. விலை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். கைப்பையில் வைக்க வசதியானது என்பதுதான் அதன் விளம்பரமாகவும் இருந்தது.

ஹேடன் நகரக் கடையில் அந்தத் தாயின் துப்பாக்கியும் கைப்பையில்தான் இருந்தது.