மூளைக்கு எட்ட வேண்டிய ஒலி

"தாத்தாவுக்குக் காது கேக்குது, ஆனா சொல்றது புரியல்ல." எங்கள் கொல்லயில் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தனுவச்சபுரத்தில் ரயில் ஊதினால் அவருக்குத் தெரியும். பேத்தி தட்டு என்றாளா, பட்டு என்றாளா என்பதுதான் பிடிபடாது.

முதுமையில் முதலில் மங்குவது உயர் அலைவரிசை ஒலிகள். ரயில் ஊதல் கனத்த ஒலி, தப்பிவிடுகிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகளில் பல 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. அவை தேய்ந்தால், அரைகுறையாக வந்த செய்தியை வைத்து மூளை ஊகிக்கிறது, ஊகித்தே களைக்கிறது. நாளடைவில் மனிதர் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். டீசல் ஷெட் இரைச்சலில் காலம் தள்ளிய எங்களைப் போன்றோருக்கு இது சற்று முந்தியே வரும்.

மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் குறைவும் ஒன்று என்று 2024-இல் லான்செட் ஆணையம் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் மூன்றாண்டு நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. காதுக்கருவியால் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் மறதிநோய் அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் அறிவுத்திறன் தேய்வது 48 சதவீதம் குறைந்திருந்தது.

கருவி என்றதும் கடையில் விற்கும் ஒலிபெருக்கியை நினைக்க வேண்டாம். அது எல்லா ஒலியையும் கூட்டி இரைச்சலாக்கும். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதையும் தனித்தனியே அளந்து, எங்கு குறைவோ அங்கு மட்டும் கூட்ட வேண்டும். அண்ணன் கண்ணாடி தம்பிக்கு ஆகுமா? முதல் சில வாரம் பாத்திரச் சத்தம்கூடச் சம்மட்டியடியாகத் தோன்றும். மறந்துபோன ஒலிகளை மூளை மறுபடி பழக வேண்டும். பலர் இந்தக் கட்டத்தில்தான் கருவியை அலமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். அமைதியான வீட்டில் தினம் சில மணி நேரம் அணிந்து பழகுவதே வழி.

குழந்தை மூளைக்கு இசை நாடா என்று விற்பவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பரபரப்புக்கு மூலமான 1993 ஆய்வு கல்லூரி மாணவரிடம் நடந்தது. பலன் சில நிமிடமே நின்றது. பிறவியிலேயே செவித்திறன் குன்றிய குழந்தையின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு மாதமும் கணக்கு. 1997-இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஆக்குளத்தின் நிஷ் நிறுவனம் இத்துறைக்கே உரியது.

விடுமுறைக்கு ஊர் வரும் அன்பர்கள் பெற்றோரை ஒருமுறை காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். முதலில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குச் செலவு அதோடு முடிந்துவிடும்.